பணி ஆணையில் கையெழுத்திடும் முன்: ஊராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊராட்சித் தலைவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் பொறுப்பு வகிக்கும் தனி அலுவலர்களுக்கும், யார் வந்தாலும் போனாலும் கோப்புகளைக் கையில் வைத்திருக்கும் ஊராட்சிச் செயலர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. மேய்க்கால், மந்தைவெளி, களம், வண்டிப்பாதை, ஓடை, ஊருணி, குட்டை, மயானம், தோப்பு, பாறை என்று ஒவ்வோர் ஊரிலும் ஏதோ ஒரு பொது நிலம் மிச்சமிருக்கிறது. காப்புக்காடும் சரணாலயமும் மலையோரத்திலும் பெரிய நீர்நிலைகளிலும் இருக்கின்றன. சமவெளியில் வாழும் உயிர்களுக்கு உங்கள் பதிவேட்டில் உள்ள இந்தத் துண்டு நிலங்கள்தான் வீடு.

அந்த வீடு ஆக்கிரமிப்பால் பறிபோவது எல்லோருக்கும் தெரியும். அதே அளவு இழப்பு ஊர் நன்மைக்கென்று நாமே செய்யும் வேலைகளாலும் நடக்கிறது. தூர்வாருகிறோம், புதர் அகற்றுகிறோம், புல் செதுக்குகிறோம், மரம் நடுகிறோம். நோக்கம் நல்லது. ஆனால் எந்த மாதம், எவ்வளவு ஆழம், எந்த ஓரத்தை விட்டுவிட வேண்டும் என்று பணி ஆணையில் ஒரு வரியும் இருப்பதில்லை. அதனால்தான் புதிய திட்டத்தையோ புதிய நிதியையோ நாங்கள் கேட்கவில்லை. நீங்கள் ஏற்கெனவே கையெழுத்திடும் மதிப்பீட்டிலும், பணி ஆணையிலும், ஏல நிபந்தனையிலும் சில வரிகளைச் சேருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

எந்த வேலைக்கும் முன்னால் நிலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேடு என்ற நிலப் பதிவேட்டில் இருந்து புறம்போக்கு என்று வகைப்படுத்திய எல்லாப் புல எண்களையும் ஒரு தாளில் எடுத்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் புல வரைபட நகல் வாங்குங்கள். பிறகு நேரில் நடந்து பாருங்கள், ஆண்டுக்கு இருமுறை: மழை முடிந்து பச்சை இருக்கும் தை மாதத்தில் ஒருமுறை, எல்லாம் காய்ந்த சித்திரையில் ஒருமுறை. ஒருமுறை மட்டும் போனால் பாதி நிலம் கண்ணில் படாது. கோடையில் கட்டாந்தரையாகத் தெரியும் பள்ளம், ஐப்பசி மழையில் தவளைகள் முட்டையிடும் குட்டையாக மாறியிருக்கும். அதில் மீன் இல்லாததால்தான் தவளைக்கு அது பிடித்த இடம்.

கூட யாரை அழைத்துப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். ஆடு மாடு மேய்ப்பவர், பனையேறி, மூலிகை பறிக்கும் பாட்டி, வலை வீசுபவர், மடை திறக்கும் நீர்க்கட்டி ஆகியோர் போதும். கடைசிவரை தண்ணீர் எங்கே நிற்கிறது, பொந்துள்ள மரம் எது, நரி வளை எங்கே, கொக்கு எந்த மரத்தில் கூடு கட்டுகிறது என்று அவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். அதை வரைபட நகலில் மூன்று நிறங்களில் குறியுங்கள். சிவப்பு என்றால் தொடக்கூடாது. மஞ்சள் என்றால் மாதம் பார்த்துச் செய்யலாம். பச்சை என்றால் எப்போதும் செய்யலாம். இந்த நகலில் ஒன்று ஜேசிபி ஓட்டுநரின் கையில் இருக்க வேண்டும். கோப்பில் என்ன எழுதியிருந்தாலும், களத்தில் எது போகும் எது இருக்கும் என்று முடிவு செய்பவர் அவர்தான். வரைபடம் மட்டும் போதாது. விடவேண்டிய இடத்தைச் சுற்றிக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள்.

இங்கே ‘தரிசு’ என்ற சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயிர் இல்லை, மரம் இல்லை, வரி இல்லை என்ற கணக்கில் பிறந்த சொல் அது. நிலத்தில் உயிர் இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. மஞ்சள்மூக்கு ஆட்காட்டி, வானம்பாடி, கௌதாரி, முயல், நரி இவற்றுக்கெல்லாம் புல்லும் சிறு முட்புதரும் திறந்த வெளியும்தான் வேண்டும். ஆட்காட்டி கூடென்று எதையும் கட்டுவதில்லை. சரளைத் தரையில் சிறு குழிவில் நான்கு முட்டை வரை இடும். புள்ளி விழுந்த அந்த முட்டைக்கும் பக்கத்தில் கிடக்கும் கூழாங்கல்லுக்கும் இரண்டடி தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது. பங்குனி முதல் ஆடி வரை அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். அந்த மாதங்களில் மேய்க்காலில் மண் சமன் செய்தால் யாருக்கும் தெரியாமலே எல்லாம் நசுங்கிப் போகும்.

மேய்க்கால் நிலத்தில் அடர்வனம், அதாவது மரங்களை மிக நெருக்கமாக நட்டு உருவாக்கும் சிறு காடு, நடுவதை நாங்கள் ஏற்கவில்லை. சிதைந்துபோன குப்பை மேட்டிலும் கட்டடங்களுக்கு நடுவே உள்ள மனையிலும் அடர்வனம் நன்மை செய்யலாம். புல்வெளியில் அதை நட்டால் மூன்றாண்டில் நிழல் விழுந்து புல் சாகும், புல்லை நம்பியவை வெளியேறும், ஆட்டுக்கும் மேய்ச்சல் போகும். அதன் பிறகு ஊரார் அந்தத் தோப்பைத் தங்களுடையதாக நினைக்க மாட்டார்கள்.

இனி நீர்நிலை. சுமார் நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் கையிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் கையிலும் இருக்கின்றன. ஊருணியும் குட்டையும் உங்களிடமே இருக்கின்றன. யாருடையதாக இருந்தாலும் வேலை தொடங்கும் முன் உங்கள் ஊரில்தான் பேச்சு நடக்கும். ஆகவே இது எல்லோருக்கும் பொருந்தும்.

தூர்வாரி முடித்த பல ஏரிகள் கிண்ணம் போல இருக்கின்றன. ஓரமெல்லாம் செங்குத்து, நடுவெல்லாம் ஒரே ஆழம். கொள்ளளவு கூடிவிட்டது என்று கணக்குக் காட்டலாம். பறவை வராது. உள்ளானுக்கு இரண்டு மூன்று அங்குலத் தண்ணீரும் சேறும் வேண்டும். கொக்கும் நாரையும் தங்கள் கால் எட்டும் அளவுத் தண்ணீரில் நின்றுதான் மீன் பிடிக்க முடியும், முக்கால் அடிக்கு மேல் போனால் பலவற்றுக்கு எட்டாது. ஆழத்தில் முங்கி இரை தேடுபவை முக்குளிப்பான், நீர்க்காகம் போன்ற சிலதான். மீன்களுக்கும் இதே கதை. புதுவெள்ளம் வந்ததும் கெண்டையும் கெளுத்தியும் முட்டையிட ஏறி வருவது புல் மூழ்கிய ஆழமற்ற ஓரத்துக்குத்தான். ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டால் பறவையின் மேசையும் மீனின் தொட்டிலும் ஒரே நாளில் போய்விடும்.

எனவே மதிப்பீட்டிலேயே எழுதுங்கள்: ஏரியின் நீர்ப்பிடிப்புப் பக்கம், அதாவது கரைக்கு எதிர்ப்புறம், தண்ணீர் ஏறி இறங்கும் பகுதியில் தோண்டக் கூடாது. தோண்டும் இடத்தில் சரிவு மெல்ல இறங்க வேண்டும். பத்தடி நடந்தால் ஓரடி ஆழம் என்பது நல்ல அளவு. இடம் குறைந்த ஊருணியில் ஐந்தடிக்கு ஓரடியாவது ஏதாவது ஒரு பக்கத்தில் இருக்கட்டும். தோண்டிய மண்ணில் ஒரு பகுதியை வைத்து நடுவில் திட்டு அமைக்கலாம், ஆனால் கோடையில் நாய் நடந்து போகாதபடி சுற்றிலும் ஆழம் இருந்தால்தான் திட்டால் பயன். இல்லையென்றால் அந்த மண்ணை உழவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.

எவ்வளவு ஆழம் என்பதை அலுவலக மேசையில் தீர்மானிக்க முடியாது. ஏரி காய்ந்திருக்கும்போது ஐம்பது அறுபது அடிக்கு ஒன்றாகச் சோதனைக் குழி போடுங்கள். மேலே கருத்த, வெடிப்பு விட்ட வண்டல் இருக்கும். அதற்குக் கீழே நிறமும் இறுக்கமும் மாறும் இடம் வரும், அதுதான் பழைய தரை. அங்கே நிறுத்த வேண்டும். குடிநீர் ஊருணிகளில் அந்தக் களிமண் படுகைதான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. அதைக் குத்தி மணலைத் தொட்டுவிட்டால் கார்த்திகையில் நிறைந்த ஊருணி தையிலேயே வற்றிவிடும், பிறகு எத்தனை முறை தூர்வாரினாலும் சரியாகாது. கரையின் அடியை ஒட்டியும் தோண்டக் கூடாது. உள்பக்கச் சரிவு பிடிமானம் இழந்து வழுக்கும்.

சம்பும் கோரையும் அல்லியும் ‘குப்பை’ அல்ல. தாழைக்கோழி, நாமக்கோழி, தும்பி எல்லாம் அதில்தான் வளர்கின்றன. ஓராண்டில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள், அடுத்த பங்கை அடுத்த ஆண்டு. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வேறு கணக்கு, அவற்றை முழுதாக அகற்றத்தான் வேண்டும். ஆனால் ஆகாயத்தாமரையை வாரிக் கரையிலேயே குவித்தால் அழுகி, அதன் சத்து மழையோடு மறுபடி ஏரிக்கே போகும். கரை தாண்டிக் கொண்டுபோய் மட்க வைக்க வேண்டும். பூக்கும் முன் எடுக்க வேண்டும், விதை சேற்றில் பல்லாண்டு கிடக்கும். காட்டாமணக்கை இயந்திரத்தால் பிய்த்தால் உடைந்த ஒவ்வொரு துண்டும் வேர்விடும். கையால் வேரோடு பிடுங்கி, வெயிலில் நன்றாகக் காய வைத்து அப்புறப்படுத்த வேண்டும். இவையெல்லாம் செய்தும் ஆறே மாதத்தில் ஆகாயத்தாமரை திரும்பினால் கழிவுநீர் எந்த வழியாக வருகிறது என்று தேடுங்கள். அதை அடைக்காமல் மேலே எத்தனை முறை வாரினாலும் வீண் செலவு.

ஊருணிக்குச் சுற்றுச்சுவர் கட்டும்போது நான்கு புறமும் செங்குத்துக் கான்கிரீட் வேண்டாம். ஆமையும் தவளையும் உள்ளே விழுந்தால் ஏற முடியாது, ஆட்டுக்குட்டிக்கும் அதே நிலைதான். ஒரு மூலையிலாவது சொரசொரப்பான கல் பாவிய சாய்வு இருக்கட்டும்.

மீன் பாசி ஏலம், அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம், விடும்போது எழுதும் நிபந்தனைத் தாள் பெரும்பாலும் தொகையையும் தேதியையும் பற்றியதாகவே இருக்கிறது. அதில் நான்கு வரி சேருங்கள். குத்தகைதாரர் மோட்டார் வைத்து ஏரியை அடிவரை இறைத்து மீன் பிடிக்கக் கூடாது, ஓரடித் தண்ணீராவது விட வேண்டும். பறவையை விரட்ட வெடி வெடிக்கக் கூடாது. தண்ணீருக்கு மேல் நரம்பு வலை விரிக்கக் கூடாது, பறவை கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கிச் சாகும். ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக் கூடாது. இந்த மீனை வளர்ப்பதற்கு நாட்டிலேயே தடை இருக்கிறது. ஏரிக்குள் போய்விட்டால் சிறுமீன், தவளைக்குஞ்சு எதையும் விடாது. மீறினால் முன்வைப்புத் தொகை திரும்பாது என்றும் எழுதுங்கள். கடைசி வரி இல்லாவிட்டால் மற்ற நான்கும் வெறும் எழுத்துதான்.

பறவைக்காக ஓர் ஊரே விட்டுக்கொடுக்க முடியும் என்பதற்கு வெளியே போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன.

சீமைக்கருவேலத்துக்கு வருவோம். இதில் நடக்கும் முதல் தவறு, மரத்தையே மாற்றி வெட்டுவது. நாட்டுக் கருவேலம் நம் மரம். ஏரிக்குள் நின்று ஆயிரக்கணக்கான கூடுகளைத் தாங்குவது அதுதான். பூவைப் பார்த்தால் குழப்பம் தீரும். நாட்டுக் கருவேலத்தின் பூ பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் உருண்டைப் பந்தாக இருக்கும். சீமைக்கருவேலப் பூ வெளிறிய மஞ்சளில் விரல் நீளத்துக்குத் தொங்கும் கதிர். காயும் வேறு: நாட்டுக் கருவேலக் காய் விதைக்கு விதை இடுங்கி மணி கோத்தது போல் இருக்கும், சீமைக்கருவேலக் காய் பழுத்தால் வெளிர்மஞ்சளாக, ஏறக்குறைய ஒரே அகலத்தில், இனிப்பாக இருக்கும். வெட்டும் ஆட்களிடம் இரண்டு காயையும் கையில் கொடுத்துக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். காக்க வேண்டிய மரங்களுக்கு முன்னதாகவே துணி கட்டிவிடுங்கள். வண்ணம் அடிப்பதைவிட அது தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது தவறு, ஏலம் விடும் முறை. ஏலம் எடுப்பவருக்கு விறகும் கரியும் லாபம். அடிக்கட்டையைத் தோண்டுவது அவருக்குச் செலவு. ஆகவே தரை மட்டத்தில் அறுத்துவிட்டுப் போய்விடுவார். சீமைக்கருவேலத்தின் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே உறங்கிக் கிடக்கின்றன. மேலே அறுத்தால் ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தண்டு கிளம்பும், ஓராண்டில் நுழைய முடியாத முள்காடாகும். ஒன்று முதல் ஒன்றரை அடி ஆழத்துக்கு அடிக்கட்டையோடு வேர்க்கழுத்தையும் எடுத்தால்தான் அந்த மரம் முடிந்தது. அதனால் ஏல நிபந்தனையில் அடிக்கட்டையை எடுத்துக் குழியை மூடுவதையும் சேருங்கள். முன்வைப்புத் தொகையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் முடிந்து, துளிர் இல்லை என்று பார்த்த பிறகே திருப்பிக் கொடுங்கள். இந்த ஒரு நிபந்தனைதான் உண்மையில் வேலை செய்யும்.

ஏரிக் கரை மேல் நிற்பதை மட்டும் இயந்திரத்தால் பிடுங்காதீர்கள். வேர் போன ஓட்டை வழியே தண்ணீர் கசிந்து கரை உடையும். கோடையில் ஆட்களை வைத்துக் கையால் எடுத்து, அந்தக் குழியில் களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு ஈரம் தெளித்து இடிக்க வேண்டும்.

மரத்தை எடுத்த பிறகு மண்ணில் விதை கிடக்கும். ஆடும் மாடும் காயைத் தின்று சாணத்தில் போடும் விதை இன்னும் வேகமாக முளைக்கும். முதல் மழை பெய்து இரண்டு மூன்று வாரத்தில் மண் நெகிழ்ந்திருக்கும்போது நாற்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். அடுத்த கோடை வரை விட்டால் ஆணிவேர் இறங்கிவிடும், பிறகு கடப்பாறைதான். குறைந்தது மூன்று மழைக்காலம் இதைத் தொடர வேண்டும். ஊரக வேலைத் திட்டப் பணிகளில் இந்தப் பிடுங்கும் நாட்களை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். முதலாண்டு பெருஞ்செலவு செய்துவிட்டு இரண்டாமாண்டு மறந்த நிலங்கள் முன்பைவிட மோசமாகிக் கிடக்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டவும் வேண்டாம். வேறு மரமே இல்லாத ஊரில் சிட்டும் புறாவும் முயலும் இப்போது அதற்குள்தான் ஒளிந்திருக்கின்றன. கொக்கு கூடு கட்டியிருந்தால் குஞ்சு பறக்கும்வரை காத்திருங்கள். மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அங்கே நம் செடிகள் தலையெடுத்த பிறகு அடுத்த பங்குக்குப் போங்கள். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களையும் இந்தத் திட்டமிடலில் உட்கார வையுங்கள். தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்ட அயல் களைத் தாவரங்கள் பற்றிய கொள்கையும் அகற்றுவதோடு நிற்காமல் நிலத்தை மீட்டெடுப்பதையும் சேர்த்தே பேசுகிறது.

அடுத்தது புல். சாலையோரத்தையும் மயானத்தையும் சுத்தம் செய்கிறோம் என்று மண்வெட்டியால் வழித்து எடுக்கிறார்கள். புல்லோடு அரை அங்குல மேல்மண்ணும் போகிறது, அதிலிருந்த விதையும் போகிறது. வெறும் தரையில் அடுத்த மழைக்கு முதலில் முளைப்பது பார்த்தீனியம் என்ற அயல் களை. பிறகு அதற்குக் களைக்கொல்லி. மழைநீர் அதை ஓடைக்குக் கொண்டுபோகும். இதற்கு மாற்று எளிது: அரிவாளாலோ வெட்டும் கருவியாலோ தரையிலிருந்து நான்கு அங்குலம் விட்டு வெட்டுங்கள். பாதையின் இருபுறமும் மூன்றடி அகலத்துக்கு எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம், பாம்புப் பயமும் பார்வை மறைவும் அதோடு தீரும். மீதியைப் புல் விதை உதிர்ந்த பிறகு, தை கடைசியில் வெட்டுங்கள். கோடைத் தீக்கும் அது பாதுகாப்பு. வெட்டிய புல்லை மாட்டுக்குக் கொடுங்கள், எரிக்காதீர்கள்.

நாம் களை என்று சொல்லும் செடிகளில் சிலவற்றின் பெயரையாவது பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆடுதின்னாப்பாளை தரையோடு படர்ந்து கிடக்கும், நீலப்பச்சை இலை, கறுத்த சிவப்பில் குழல் போன்ற பூ. ஆடு தொடாது, நாமும் பார்ப்பதில்லை. சிவப்புடல் அழகி என்ற வண்ணத்துப்பூச்சி இந்தக் குடும்பச் செடிகளில் மட்டுமே முட்டையிடும். அதன் புழு இலையிலிருக்கும் நஞ்சைத் தின்று சேர்த்துவைத்துத்தான் பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. செடியைச் செதுக்கிவிட்டால் பக்கத்துப் பூங்காவில் எத்தனை பூச்செடி வைத்தாலும் அது வராது. எருக்கு இருந்தால் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி இருக்கும். விழுதி, சங்கஞ்செடி, காரை, சூரை, நொச்சி, ஆவாரை, பிரண்டை இவை வேலியோரத்தில் இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

பனையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதும் தெரிந்ததுதான். தெரியாமல் போவது மொட்டைப் பனை. தலை போன, பட்டுப்போன பனையைப் பயனற்றது என்று சாய்த்துவிடுகிறோம். பனங்காடையும் கிளியும் ஆந்தையும் குஞ்சு பொரிப்பது அந்தப் பொந்துகளில்தான். வீட்டின் மேலோ பாதையின் மேலோ விழும் ஆபத்து இல்லாத மொட்டைப் பனைகளை நிற்க விடுங்கள். உயிருள்ள பனையில் காய்ந்து தொங்கும் ஓலையின் அடியில் பனை உழவாரன் கூடு ஒட்டுகிறது, ஆகவே எல்லா மரத்தையும் ஒரே ஆண்டில் சீவ வேண்டாம்.

மரமே நடக்கூடாதா என்று கேட்பீர்கள். நடலாம், நட வேண்டும். பாதையோரம், பள்ளி, மயான எல்லை, ஏரிக் கரையின் வெளிச்சரிவு, சீமைக்கருவேலம் எடுத்த நிலம் இவையெல்லாம் ஏற்ற இடங்கள். எண்ணிக்கை இலக்கு வைத்து நட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும். இரண்டு கோடை தாண்டியவற்றை மட்டும் கணக்கில் எடுங்கள். புரட்டாசிக் கடைசிக்குள் நட்டால் வடகிழக்குப் பருவமழை முழுவதும் வேருக்குக் கிடைக்கும். இரண்டடிக்கு இரண்டடிக்கு இரண்டடிக் குழி, கெட்டியான சுக்கான்கல் தரையில் மூன்றடி. குழியைக் கோடையிலேயே எடுத்து ஆறப் போடுங்கள். நர்சரிக் கன்றின் பையைக் கிழித்ததும் அடியில் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சுற்றியிருந்தால் அந்தப் பகுதியைக் கத்தியால் வெட்டிவிட்டு நட வேண்டும். வெட்டாமல் நட்டால் பத்தாண்டு கழித்து ஒரு காற்றில் அடியோடு சாயும். முதல் கோடையில் வாரம் ஒருமுறை பதினைந்து முதல் இருபது லிட்டர், மெதுவாக. தினம் ஒரு குவளை ஊற்றினால் வேர் மேலேயே நிற்கும்.

எந்த மரம் என்றால், ஊரில் தானாக வளர்ந்து நிற்பதைப் பாருங்கள். ஆல், அரசு, அத்தி, நாவல், இலுப்பை, புங்கம், வேம்பு, வாகை, உசிலை, விளா, நீர் ஓரத்தில் நீர்மருது, வறண்ட இடத்தில் வன்னியும் வெள்வேலும். வேம்பு, நாவல், இலுப்பை விதைகள் சில வாரம்தான் உயிரோடிருக்கும், ஆனி ஆடியில் பொறுக்கிய உடனே நாற்றுப் பையில் போட்டுவிட வேண்டும். கோனோகார்பஸ் என்ற அயல் மரம் வேகமாகப் பச்சை காட்டும் என்று வாங்காதீர்கள், தமிழ்நாடு அரசு 2025-இல் அதை நடுவதற்குத் தடை விதித்திருக்கிறது. ஏற்கெனவே நிற்கும் மரங்களின் அடியில் சிமென்ட் பூச வேண்டாம், சுற்றிலும் ஒரு மீட்டராவது மண் தெரியட்டும்.

சில சிறிய வேலைகள் பணமே கேட்காதவை. பாழுங்கிணற்றுக்குள் கணுக்கள் உள்ள நீண்ட மரக்கட்டையைச் சாய்த்து வைத்தால் விழுந்த கீரியும் பூனையும் ஏறி வரும். கொசுவுக்காக கம்பூசியா மீனைக் கிணற்றிலும் குட்டையிலும் விடும் பழக்கத்தை நிறுத்துங்கள், அது தவளைக்குஞ்சையும் நம் சிறுமீன்களின் முட்டையையும் தின்கிறது. அந்தச் சிறுமீன்களே கொசுப்புழுவைத் தின்பவை. ஏரிக் கரையில் தெருவிளக்கு வேண்டுமென்றால் 3000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் விளக்கைத் தரையை மட்டும் பார்க்கும்படி மூடி போட்டு வையுங்கள். கடலோர ஊராட்சிகளுக்கு ஒரு தனி வேண்டுகோள்: பங்குனி ஆமை என்ற கடலாமை தை முதல் கரையேறி முட்டையிடுகிறது. ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சுகள் வெளிவந்து வெளிச்சமான பக்கம் நோக்கி நகரும். கடலைவிட உங்கள் உயர்கோபுர விளக்கு வெளிச்சமாக இருந்தால் குஞ்சு சாலைக்கு வந்து சாகும். தை முதல் சித்திரை வரை கடல் பக்கம் பார்க்கும் விளக்குகளை இரவில் அணையுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர் பெருக்கச் சட்டம், 41-ஆவது பிரிவில், ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழு ஊராரைக் கலந்து, ஊரில் உள்ள உயிரினங்களைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுத வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்ததும் பல இடங்களில் அவசர அவசரமாக எழுதி முடித்தார்கள். உங்கள் ஊர்ப் பதிவேட்டை அலமாரியில் இருந்து எடுத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் இல்லவே இல்லாத செடியின் பெயர் அதில் இருந்தால், வேறோர் ஊரைப் பார்த்து எழுதியது என்று பொருள். மேலே சொன்ன இரண்டு நடைகளில் கிடைத்ததை வைத்துத் திருத்துங்கள். உயிரினத்தின் பெயரோடு புல எண்ணையும் மாதத்தையும் எழுதுங்கள். ‘நாரை உள்ளது’ என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. எந்தக் குளத்தில், எந்த மரத்தில், எந்த மாதம், எத்தனை கூடு என்று இருந்தால்தான் நாளைக்கு ஒரு குவாரி விண்ணப்பமோ சாலைத் திட்டமோ வரும்போது அந்தத் தாள் மறுமொழி சொல்லும்.

அதே சட்டத்தின் 37-ஆவது பிரிவில், உள்ளாட்சியைக் கலந்து மாநில அரசு ஓரிடத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது சுற்றுவட்டாரக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. மக்கள் திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. பெரிய மலை இருந்தால்தான் இது முடியும் என்பதில்லை. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயில் காடு ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. 2025 மார்ச்சில் அதுவும் பாரம்பரியத் தலமானது. உங்கள் ஊர் அய்யனார் கோயில்காட்டின் பரப்பைப் புல வரைபடத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அடுத்து வரும் சபையில் இந்தத் தீர்மானத்தை வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

“இவ்வூராட்சியின் எல்லைக்குள் உள்ள புறம்போக்கு நிலங்களில் தூர்வாருதல், புதர் அகற்றுதல், மண் சமன் செய்தல், மரம் வெட்டுதல், மரம் நடுதல் ஆகிய எந்தப் பணியும், பல்லுயிர் மேலாண்மைக் குழு நேரில் பார்த்து, விடவேண்டிய பகுதியைப் புல வரைபடத்தில் குறித்துக் கொடுத்து, பணி செய்யும் மாதத்தை எழுதிய பிறகே தொடங்கப்பட வேண்டும். குறிக்கப்பட்ட வரைபடம் பணி ஆணையுடனும் ஏல நிபந்தனையுடனும் இணைக்கப்பட வேண்டும். நிபந்தனை மீறப்பட்டால் முன்வைப்புத் தொகை உள்ளூர் பல்லுயிர் நிதியில் சேர்க்கப்பட வேண்டும்.”

தீர்மானம் நிறைவேறிய அன்றே அதன் எண்ணையும் நாளையும் ஒன்றிய அலுவலகத்துக்கும் நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்கும் எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
ஏரி, ஓடை, மேய்க்கால் நிலங்களில் வேலை செய்யும் களப்பணியாளர்கள்